பழைய காருக்குப் புதிய புகைக்குழாய்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் மாலை வேளை நடந்து செல்வோர், ஏதாவது ஒரு வீட்டு முகப்பிலே துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் மொரிஸ் மைனர் ஒன்றைக் கண்டிருப்பர். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். தந்தை வாங்கிய காரை மகன் ஓட்டுவதும், மகன் ஓட்டிய காரைப் பேரன் துடைத்து மினுக்குவதும் இந்த நகரத்தில் புதுமையல்ல. இத்தகைய பழைய காரொன்றின் எஞ்சினிலே, வார்ப்பிரும்பாலான வெளியேற்றுத் தொகுதியைக் கழற்றிவிட்டு, உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டிச் செய்த கிளைக்குழாயைப் பூட்டுவது தகுமா, தகாதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கராஜ்களில் முன்னையதை 'மனிபோல்ட்' என்றும் பின்னையதை 'ஹெடர்' என்றும் வழங்குவர்.

கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில் வாழும் என் நண்பர் ஒருவரிடம் 1958 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று உண்டு. காலஞ்சென்ற தகப்பனாரின் கார். மழைக்கால மாலையொன்றில், கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து வீடு நோக்கி அவர் புறப்பட்டார். பத்துக் கிலோமீற்றர் அளவேயான அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காலி முகத்திடலை அடையும்போதே தலை பாரமாயிற்று. கோட்டையைத் தாண்டும்போது குமட்டல் எடுத்தது. வீதியோரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து சிறிது நேரம் வெளியே நின்ற பிறகே தெளிவு வந்தது. மறுநாள் பொனெற்றைத் திறந்து பார்த்தபோது மனிபோல்டின் நடுக்கிளையிலே மயிரிழை போன்ற வெடிப்பும், அதைச் சுற்றிக் கரும்புகைப் படலமும் காணப்பட்டன.

இதை நான் முதலிலே கூறுவதற்குக் காரணம் உண்டு. புகைக்குழாய் என்றவுடன் ஓசையையும் வேகத்தையும் நினைப்பவரே பலர். ஆனால் அக்குழாயின் முதற்கடமை நஞ்சை மனிதனிடமிருந்து அப்பாற் கொண்டுபோவதேயாகும். பெற்றோல் எரிந்த புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமுமில்லை; நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வது. கார் விரைந்து செல்லும்போது பொனெற்றுக்குள் கசிந்த புகை காற்றோடு அடித்துச் செல்லப்படும். நெரிசலில் நிற்கும்போதோ, கால்மிதிகளும் மின்கம்பிகளும் நுழையும் துவாரங்கள் வழியே அது மெல்ல உள்ளே புகும். ஐம்பது அறுபது ஆண்டு கடந்த காரில் அத்துவாரங்களின் இறப்பர் அடைப்புகள் உக்கிப் போயிருப்பது இயல்பே. ஆகவே, வெடித்த மனிபோல்டை அப்படியே விட்டுவைத்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனி, இந்தக் கார்கள் இங்கே இத்துணைக் காலம் தங்கியது எவ்வாறு? 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதற் பிரித்தானியக் கார் அதுவே. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கைக்குக் கார் வருவது மிகவும் அருகிற்று. 1977 இன் பின்னரே மீண்டும் தாராளமாயிற்று. 2020 மார்ச்சிலும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திறந்தது. கிடையாத பொருளைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய உதிரிப்பாகங்கள் மலைபோற் குவிந்திருப்பதும் இதனாலேயே.

அமெரிக்கர் தம் பெரிய கார்களுக்குக் கிளைக்குழாய் பூட்டுவதைப் படங்களிற் கண்டு நம் இளைஞர் பலர் ஆசை கொள்ளுகின்றனர். அவ்வாசையின் நியாயத்தை அறிய, அவர்களுடைய எஞ்சினையும் நம்முடைய எஞ்சினையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

1960களின் ஃபோர்ட் மஸ்டாங் காரின் 289 எஞ்சினுக்கு எட்டு உருளைகள். பக்கத்துக்கு நான்காக இரு வரிசை. அவை எரியும் ஒழுங்கு 1, 5, 4, 2, 6, 3, 7, 8 என்பது. இதில் 1 முதல் 4 வரை வலப்பக்கம், ஏனையவை இடப்பக்கம். கூர்ந்து பாருங்கள்: நான்காவதும் இரண்டாவதும் அடுத்தடுத்து எரிகின்றன, இரண்டும் ஒரே பக்கம். இடப்பக்கத்தில் ஏழாவதும் எட்டாவதும் அவ்வாறே. குட்டையான வார்ப்பிரும்புப் பெட்டியொன்றுக்குள் இவை நான்கும் புகையைக் கொட்டும்போது, ஒன்றன் புகை மற்றதன் வாசலிலே மோதும். ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி நீண்ட குழாய் கொடுத்துத் தொலைவிலே இணைத்தால் அந்த மோதல் தணியும். அங்கே கிளைக்குழாய்க்குத் தெளிவான வேலை இருக்கிறது.

மொரிஸ் மைனரின் நிலை வேறு. 1952 முதல் அதில் வந்த எஞ்சின் 'ஏ சீரீஸ்' எனப்படுவது. 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காரில் அறிமுகமாகிப் பின் மினியிலும் இடம்பெற்று 2000 ஆம் ஆண்டு வரை நிலைத்த நெடுவாழ்வு அதனுடையது. 1956 இல் 948 கனசென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரைவலுவும் பெற்றது. 1962 இல் 1098 கனசென்ரிமீற்றரும் 48 குதிரைவலுவும் ஆயிற்று. இந்த எஞ்சினின் தலைப்பகுதியில் ஒரு விநோதம் உண்டு. உருளைகள் நான்கு, ஆனால் புகை வெளியேறும் வாசல்கள் மூன்றே. முதலாம் உருளைக்கு ஒன்று, நான்காம் உருளைக்கு ஒன்று. நடுவிலுள்ள இரண்டும் மூன்றும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன. இரு குடித்தனத்துக்கு ஒரே படலை என்பதுபோல.

நல்வாய்ப்பாக அக்குடித்தனக்காரர் ஒரே வேளையில் வெளியே வருவதில்லை. எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங் தண்டு அரைச்சுற்று, அதாவது 180 பாகை, சுழல்கிறது. ஆகவே மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு முழுச்சுற்று உண்டு. ஒன்றுக்கும் நான்குக்கும் இடையிலும் அப்படியே. புகை வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? 948 எஞ்சினில், பிஸ்டன் அடிநிலையை அடைய 40 பாகை இருக்கும்போதே திறந்து, மேல்நிலையைக் கடந்து 10 பாகையில் மூடுகிறது. இடையிலுள்ள 180 பாகையையும் கூட்டினால் 230. அடுத்த உருளையோ 180 பாகையிலேயே திறந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு தடவையும் 50 பாகை அளவுக்கு, ஒருவர் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருக்க மற்றவர் பெருமூச்சோடு புறப்படுகிறார். பின்னவருடைய அழுத்தம் முன்னவருடைய உருளைக்குள் திரும்பப் புகுந்தால், எரிந்த புகையின் எச்சம் அங்கே தங்கிவிடும்; புதுக் கலவைக்கு இடம் குறையும்.

எவ்வளவு விரைவாகப் புகும் என்பதை நாமே கணக்கிடலாம். சூடான புகையில் அழுத்த அலை செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சின் ஒரு சுற்றுக்கு எடுப்பது 20 மில்லிசெக்கன். ஒரு மில்லிசெக்கனில் 18 பாகை. வார்ப்பிரும்பு மனிபோல்டில் வாசலுக்கு வாசல் ஒரு சாணே தூரம். அரை மில்லிசெக்கனில், ஒன்பது பத்துப் பாகைக்குள், அலை போய்ச் சேர்ந்துவிடும். கிளைக்குழாயிலே ஒவ்வொரு கிளையும் 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற 120 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். அதற்கு 2.4 மில்லிசெக்கன், அதாவது 43 பாகை. ஐம்பதிலே நாற்பத்துமூன்று போய்விட்டால் எஞ்சுவது சிறிதே. மேலும், குழாய் அகன்று இணையும் இடத்திலே அழுத்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. அது உரிய கணத்தில் வால்வை வந்தடைந்தால் எஞ்சிய புகையையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த எஞ்சினுக்கென்றே பெயர்பெற்ற கிளைக்குழாய் ஒன்று உண்டு. முதலாவதும் நான்காவதும் முதலில் தம்முள் இணையும். நடுக்கிளை தனியே நீண்டு சென்று, காரின் அடித்தளத்துக்குக் கீழே அவற்றோடு சேரும். 'நீண்ட நடுக்கிளை' என்பதே அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் 'எல்.சி.பி.' என்பர். வாசல் மூன்றே என்ற குறையை மாற்றாமல், எரியும் ஒழுங்கின் இயல்பைப் பயன்படுத்திக்கொண்ட அமைப்பு அது. அதனைக் கண்டவுடன் எனக்கு உண்டான மகிழ்ச்சியை நேயர்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் மகிழ்ச்சி வேறு, பயன் வேறு. உறிஞ்சும் அலையால் முழுப்பயன் பெற வேண்டுமானால், புகை வால்வு மூடுமுன்னரே உள்வால்வு திறந்து, இரண்டும் சேர்ந்து சிறிது நேரம் திறந்திருத்தல் வேண்டும். பந்தய எஞ்சின்களில் இந்த இடைவேளை நீண்டது. நம் மொரிஸ் மைனரிலோ உள்வால்வு மேல்நிலைக்கு 5 பாகை முன்பே திறக்கிறது. புகை வால்வு 10 பாகை பின்பு மூடுகிறது. ஆகப் பதினைந்தே பாகை. காம் தண்டையும் கார்புரேட்டரையும் சைலன்சரையும் பழையபடி விட்டுவிட்டுக் கிளைக்குழாயை மட்டும் பூட்டுபவர் பெறுவது மிகச் சில குதிரைவலுவே. அதுவும் எஞ்சின் விரைந்து சுழலும்போது. காலி வீதியில் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்பவருக்கு அது தென்படவே மாட்டாது. நுவரெலியாவில் 1934 முதல் வழங்கிவரும் மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயத்துக்கோ, கட்டுக்குருந்தை ஓடுபாதைக்கோ காரை ஆயத்தம் செய்பவரின் கணக்கு வேறு.

அப்படியானால் நண்பர் பழைய வார்ப்பிரும்பையே சீர்செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் முதலிற் கூறினேன். வார்ப்பிரும்பை ஒட்டுதல் எளிதன்று. முழுவதையும் மெல்லச் சூடேற்றி, நிக்கல் கலந்த கம்பியால் சிறிது சிறிதாக ஒட்டி, சாம்பலுக்குள்ளோ மணலுக்குள்ளோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டின் அருகிலேயே மறுபடி வெடிக்கும். நண்பருடைய மனிபோல்ட் ஒருமுறை ஒட்டப்பட்டு, அதன் பக்கத்திலேயே வெடித்திருந்தது. பஞ்சிகாவத்தையில் அவர் தேடிப் பெற்ற வேறொன்றும் இணையும் முகம் வளைந்தது. ஈற்றில் கிளைக்குழாயே என்று முடிவாயிற்று.

முதலில் அவர் நாடிய கராஜில் வேலை தொடங்கிய அன்றே விபரீதம் நேர்ந்தது. துருப்பிடித்த நட்டை நீண்ட கைபிடி போட்டு ஒரே மூச்சில் திருகினார்கள். ஸ்டட் எஞ்சினின் தலைப்பகுதிக்குள்ளே முறிந்துவிட்டது. அரை மணி நேரத்து அவசரத்துக்காகத் தலையையே கழற்றி, முறிந்ததைத் துளைத்தெடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் அவர் போய்ச் சேர்ந்தது ஒரு முதிய மெக்கானிக்கிடம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லாலே 'பாஸ்' என்று நாம் அழைக்கும் கைவினைஞர் வரிசையில் வந்தவர். "தம்பி, துரு நூறு நாளிலே ஏறினது, ஒரு நாளிலே இறங்காது" என்று சொல்லி, எஞ்சிய ஸ்டட்டுகளுக்கு மூன்று இரவு தொடர்ந்து துருநீக்கி எண்ணெய் விட்டார். நான்காம் நாள் நட்டை மட்டும் சூடேற்றி, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்தே எடுத்தார். ஒன்றுகூட முறியவில்லை.

அவருடைய வேலையில் நான் கண்டறிந்த நுட்பங்களுள், இம்முயற்சியில் இறங்குவோர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. ஏ சீரீஸ் எஞ்சினில் கலவை உட்செல்லும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒரே கெஸ்கட்டின்மீது அமர்கின்றன. நடுவிலுள்ள ஸ்டட்டுகளில் ஒரு தடித்த வட்டத் தகடு இரண்டின் விளிம்பையும் ஒருங்கே அழுத்திப் பிடிக்கிறது. கிளைக்குழாயின் விளிம்பு உட்குழாயின் விளிம்பைவிட அரை மில்லிமீற்றர் மெலிந்திருந்தாலும், தகடு ஒன்றையே அழுத்தும், மற்றது கசியும். புதிதாக வாங்கியதாயினும் விளிம்புகளின் தடிப்பை அளந்து பார்த்து, மிகுந்ததை அரத்தால் உராய்ந்து சமன்செய்தே பூட்ட வேண்டும். ஒட்டுவேலையின் சூட்டால் விளிம்பு வளைந்திருக்கிறதா என்பதையும் நேர்ச்சட்டம் வைத்து நோக்குதல் அவசியம். கார் ஓட்டும்போது தலைவலி தந்த அதே நஞ்சு, புதுக்குழாயிலிருந்தும் இவ்வழியே புறப்படலாம் அல்லவா?

நட்டுகளை முதலில் விரலால் மட்டும் இறுக்கி, கீழ்க்குழாயை இணைத்து, எங்கும் இழுபடாமல் தானாக அமர்கிறதா என்று பார்த்த பின்னரே, நடுவிலிருந்து இருபுறமாக இறுக்கிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 15 அடி-இறாத்தல் முறுக்கு போதுமானது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மீது ஆடுவது. காரின் உடலோ ஆடாதது. ஆகையால் முதல் தாங்கி எஞ்சினோடு சேர்ந்து அசையும் பாகத்திலும், அதன் பின்னுள்ளவை இறப்பரிலும் தொங்க வேண்டும். உடலோடு விறைப்பாகக் கட்டினால் சில மாதங்களிலேயே இணைப்பு முறிந்துவிடும்.

பழைய மனிபோல்டின் நடுப்பகுதி உட்குழாயோடு ஒட்டி நின்று, அதற்குச் சூடு கொடுத்துவந்தது. குளிர்நாட்டில் பெற்றோல் ஆவியாக அந்தச் சூடு தேவை. கிளைக்குழாய் பூட்டினால் அஃது இல்லாமற் போகும். கொழும்பிலே இது பெரிய இழப்பன்று. காலையில் சோக்கைச் சிறிது நேரம் கூடுதலாக இழுத்து வைத்தாற் போதும். நமக்குள்ள தொல்லை இதற்கு நேர்மாறானது. மெல்லிய உருக்குக் குழாய் பொனெற்றுக்குள் வீசும் வெப்பம் மிகுதி. நெரிசலில் நிற்கும்போது கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே பெற்றோல் கொதிக்கும். நிறுத்திய கார் மீண்டும் புறப்பட மறுக்கும். கார்புரேட்டருக்கும் குழாய்க்குமிடையே ஒரு தகட்டுக் கவசம் வைப்பதும், பெற்றோற் குழாயைத் தள்ளிக் கட்டுவதும் இங்கே இன்றியமையாதவை. குழாய்க்கு வெப்பநாடா சுற்றுவோரும் உளர். வெள்ளவத்தைக் கடற்காற்றிலே அந்த நாடா உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் உருக்கு யாரும் காணாமல் உக்கிப் போகும். துருவேறா உருக்குக் குழாய் துருவை எதிர்க்கும். ஆனால் சாதாரண உருக்கைவிட மிகுதியாக விரிவடைவதால், ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பு அதற்கு வேண்டும். பணமுள்ளவருக்கு அது; ஏனையோருக்கு வெப்பந்தாங்கும் பூச்சிட்ட சாதாரண உருக்கும், ஆண்டுக்கொருமுறை கீழே படுத்துப் பார்க்கும் பழக்கமும்.

புகை இலகுவாக வெளியேறத் தொடங்கினால் காற்றும் கூடுதலாக உட்செல்லும். கலவையில் பெற்றோல் குறைபடும். எஸ்.யூ. கார்புரேட்டரின் ஊசியை மாற்றியோ கலவைத் திருகாணியைத் திருத்தியோ இதைச் சமன்செய்யலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: இளங்கபில நிறமாயின் நன்று, வெண்மையாயின் பெற்றோல் போதாது, வால்வுகள் வெந்துபோகும். மேல் மாகாணத்தில் 2008 இல் தொடங்கிய புகைச்சோதனைக்குப் போகுமுன் இதைச் செய்வது நலம். இணைப்பிலே கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுச் சோதனைக் கருவியின் அளவையே பிழையாக்கும். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் ஓசையை எஞ்சினின் வலிமை என்று எண்ணுவோரைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. நடுச்சாமத்தில் ஜம்பட்டா வீதியிலே உறங்கும் குழந்தைகளின் தாய்மார் பேச வேண்டியவற்றைப் பேசிக்கொள்வர்.

நண்பரின் கார் இப்போது ஓடுகிறது. கண்டிப் பயணத்தில் கடுகண்ணாவை ஏற்றத்தை முன்னையிலும் இலகுவாக ஏறுகிறது என்று அவர் சாதிக்கிறார். பிளக்குகளையும் கலவையையும் அதே நாளில் சீர்செய்ததை நான் நினைவூட்டினால் அவருக்குப் பிடிப்பதில்லை. முதல் இருநூறு மைல் ஓடியதும், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின், பாஸ் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கினார். இரண்டு நட்டுகள் கால் சுற்று வாங்கின. கால்மிதித் துவாரங்களுக்குப் புது இறப்பர் அடைப்புகளும் போட்டாயிற்று. வெடித்த பழைய மனிபோல்டை எண்ணெய் பூசி, சாக்கிலே சுற்றி, மாடிப்படியின் கீழ் வைத்திருக்கிறார். நிக்கல் கம்பியால் நிதானமாக ஒட்டித் தருவதாகப் பாஸ் வாக்களித்திருக்கிறார்.